வயிற்றில் மலைவேம்பு

"நந்து, அம்மா உக்கடத்துல எறங்கிட்டாங்களாம். ஆட்டோல வந்துட்டிருக்காங்க. அந்த வயித்துப் பக்கமாச்சும் ஒரு துணியைப் போட்டு மூடு!"

போனைச் சட்டைப் பையில் போடக்கூடத் தோன்றாமல் நின்றான் தீபக். அவன் மனைவி நந்திதா சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

கண்காட்சிக் கூடத்தின் நடுச்சுவரில் ஆளுயர வெள்ளைத் துணி. அதில் காய்ந்த பூவும் இலையும் ஒட்டி அவள் உருவாக்கிய பெண். உடுப்பே இல்லாத பெண். கூந்தலுக்குக் கரிசலாங்கண்ணி, மார்புக்குச் செம்பருத்தி, இடுப்புக்கு அசோகம்பூ. அடிவயிறு முழுக்க மலைவேம்பு.

எல்லாமே, குழந்தை உண்டாகவேண்டுமென்று மாமியார் நஞ்சம்மாள் அரைத்தும் காய்ச்சியும் அவளுக்குக் கொடுத்து வந்த மருந்துகள்.

"மூடி என்னங்க பண்றது? அதான் பேப்பர்லயே படம் வந்துருச்சே."

"'மாமியார் கொடுத்த மருந்து'ன்னு உன்னை யாரு பேட்டி குடுக்கச் சொன்னது?"

"பேசறப்ப வாய்தவறி வந்துருச்சுங்க."

"பெரியப்பா காலையிலேயே அம்மாவுக்குப் போன் போட்டுட்டாரு. 'குடும்ப மானத்தைச் செவுத்துல ஒட்டிப்போட்டா, இனி எதுக்கு இவ? தையில தீபக்குக்கு வேற பொண்ணு பாத்தரலாம்'ங்கறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் சொல்லி அவரு கேக்கறவரா? இனி அம்மா வாயில என்ன வருதோ, அதுதான்."

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்த நஞ்சம்மாள், மகனையும் பார்க்கவில்லை, மருமகளையும் பார்க்கவில்லை. நேராகத் துணிக்கு முன்னால் போய் நின்றாள்.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கல்லூரிப் பெண்ணொருத்தி பக்கத்தில் வந்தாள். "ஏனுங்கம்மா, இதெல்லாம் குடிச்சா நெசமாவே கொழந்தை பொறக்குமுங்களா?"

"உனக்குக் கலியாணம் ஆகட்டும் அம்மணி. அப்புறம் வந்து கேளு."

அந்தப் பெண் நகர்ந்துவிட்டாள்.

"இடுப்புல ஒட்டுனது அசோகம்பூதான?" நஞ்சம்மாள் திரும்பாமலே கேட்டாள்.

"ஆமாங்க அத்தை."

"கழச்சிக்காயக் காணோம்?"

"தொப்புளுக்கு வெச்சிருக்கேனுங்க."

"ம்... இந்த மலைவேம்ப ஒருக்காவாச்சும் கசக்குதுன்னு நீ சொன்னதில்லையே?"

"இல்லைங்க."

"டேய் தீபக், மரமாட்டம் நிக்காத. போயி டீ வாங்கிட்டு வா. எனக்குச் சக்கரை வேண்டாம்."

அவன் தலை மறைந்ததும், நஞ்சம்மாளின் கை நந்திதாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. முடிந்தது என்று நினைத்தாள் நந்திதா.

"உன்ற பெரிய மாமனாருகிட்டச் சொல்லிப்போட்டுத்தான் வந்தேன், நம்ம ஊட்டுக்கு வேற பொண்ணு வராதுன்னு. எத்தனை பேரு வந்தாலும் ஒண்ணும் நடக்காது கண்ணு. பள்ளிக்கோடம் போறப்ப தீபக்குக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து, வீக்கம் கீழ விதைக்கு எறங்கிப்போச்சு. கொழந்தை உண்டாகறது கஷ்டந்தான்னு டாக்டரு அப்பவே சொன்னாரு. அவனுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. உனக்கும் சந்தேகம் வந்தரக் கூடாதுன்னுதான் மருந்து மருந்தா அரைச்சு ஊத்துனேன்."

நந்திதா வாசலைப் பார்த்தாள். தீபக் இன்னும் வரவில்லை.

"நாங்க எடுத்த டெஸ்ட்டுக்கு ரிசல்ட் வாங்கப் போனவ நான்தானுங்களே அத்தை. ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்லைன்னு அவருகிட்டப் பொய் சொல்லிட்டேன். உங்களுக்குச் சந்தேகம் வந்தரக் கூடாதுன்னுதான் அத்தனையும் குடிச்சேன்."