மாப்பிள்ளை வீட்டு மீன்கள்

முத்தாண்டிக்குப்பம் கிராமத்திலிருந்து அனல்மின் நிலைய டவுன்ஷிப்புக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த பெரியவர்கள் ஹாலில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். பெண் தேவயானி மட்டும் நேராக மீன் தொட்டியின் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"இதுங்களைக் கண்ணாடிக்குள்ள அடைச்சி வச்சிருக்கீங்களே, பாவமா இல்லையா?"

"பாவந்தாங்க" என்றான் மாப்பிள்ளை பிரவின்குமார். அவளைப் பார்த்ததுமே அவனுக்குப் பிடித்துப் போயிருந்தது.

"அப்ப ஏரியில கொண்டுபோயி விட்டுடுங்க. தொட்டி இருக்கிற வூட்டுக்கு நான் வர மாட்டேன்."

'சரின்னு சொல்லித் தொலைடா' என்று சமையலறை வாசலிலிருந்து அம்மா கண்ணாலேயே கெஞ்சினாள். தட்டிப்போன சம்பந்தங்கள் போதாதா அவளுக்கு!

பிரவின்குமார் தலையை ஆட்டி மறுத்தான். "முடியாதுங்க. தொட்டியிலேயே பொறந்து வளர்ந்ததுங்க, ஏரியில விட்டா செத்துப்போயிடும். இனிமே புதுசா ஒண்ணுகூட வாங்க மாட்டேன். ஆனா வாங்கினதைக் கடைசி வரைக்கும் நான்தானே பார்த்துக்கணும்?"

"அப்ப நான் வேணாமா?"

"வேணும்ங்க. ஆனா இதுங்களைச் சாகவிட்டுட்டு வேணாம்."

தேவயானி குபீரென்று சிரித்துவிட்டாள். "முன்னாடி பார்த்ததுல மீன் வளர்த்த மாப்பிள்ளைங்க ரெண்டு பேரும் 'இன்னைக்கே விட்டுடறேன்'னாங்க. அதான் வேணாம்னுட்டேன்."

"ஏங்க?"

"எங்க வூட்ல ரெண்டு தொட்டி நிறைய வளர்க்கிறேனே! நாளைக்கு அதுங்களையும் விட்டுடச் சொல்ல மாட்டாங்களா?"

அதற்குள் அவள் எங்கே எந்தத் தொட்டியை வைக்கலாம் என்று சுவரை அளக்கத் தொடங்கியிருந்தாள்.

"ஆமா, டவுன்ஷிப்புல கரண்டே போவாதாமே, நெசமாவா? எங்க ஊர்ல கரண்ட் போயி காத்து மோட்டார் நின்னா, மீனுங்களுக்கு மூச்சு முட்டாம இருக்க நான்தான் கையால தண்ணியைக் கலக்கிக்கினு கெடக்கிறேன்!"