தூதுவரிடம் ஓர் உதவி

“ஒரே ஒரு உதவிதான் சேர். நீங்க மனசு வச்சா என்ட மகன் வீட்ட வந்து சேந்திருவான்.”

சபூரா கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். எருக்கலம்பிட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகுதான் தூதுவர் சனூனைப் பார்க்க முடிந்தது.

பதினைந்து வருடம் எம்.பி.யாக இருந்தவர் சனூன். கடைசித் தேர்தலில் தோற்றதும் கட்சி அவரை ஒரு வளைகுடா நாட்டுக்குத் தூதுவராக அனுப்பிவைத்தது. லீவில் மன்னாருக்கு வந்து மூன்று நாள்தான் ஆகிறது.

அதே நாட்டுச் சிறையில்தான் சபூராவின் மகன் றிஸ்லான் இருந்தான். அவன் ஓட்டிய லொறியில் அடிபட்டு ஒருவர் இறந்துவிட்டார். அவருடைய குடும்பம் மன்னித்துக் கையெழுத்து வைத்தால்தான் றிஸ்லானுக்கு விடுதலை.

“எனக்கு எல்லாம் தெரியும் தங்கச்சி. போன வருஷம் டீவியில அவனுக்காக நான் பேசினதப் பாத்தனீங்களா?”

“பாத்தம் சேர். அந்தக் குடும்பமும் பாத்திச்சு.”

“பாக்கட்டும்! ‘எங்கட பொடியன ஒரு மாசத்துக்குள்ள வெளிய எடுத்துக் காட்டுறன்’ எண்டு மேசையில அடிச்செல்லோ சொன்னனான். எம்.பி.யா இருக்கேக்க எனக்கு ஊருக்குள்ள மட்டும்தான் மரியாதை. இப்ப நான் ஒரு நாட்டின்ர குரல்.”

சபூரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “முதல்ல நான் சொல்லுறதக் கேளுங்க சேர்…”

“நீங்க ஒண்டும் சொல்லத் தேவையில்ல.” சனூன் போனைக் கையில் எடுத்தார். “லீவ முறிச்சுக்கொண்டு நாளைக்கே போறன். டீவிக்காரரையும் கூட்டிக்கொண்டு நேரா அந்த வீட்டு வாசல்ல போய் நிக்கிறன். எப்பிடிக் கையெழுத்து வைக்காம விடுறாங்கள் பாப்பம்!”

சபூரா பதறி எழுந்துவிட்டாள்.

“ஐயோ, வேணாம் சேர்! போன வருஷமே மன்னிக்க இருந்தவங்க. நீங்க டீவியில பேசினதக் கேட்டுத்தான் ரோசத்தில மாட்டம் எண்டவங்க. பள்ளி மௌலவி கடிதத்துக்கு மேல கடிதம் எழுதி, நான் போன்ல அழுது, இப்பதான் மனசு இளகியிருக்கிறாங்க. வாற வியாழக்கிழமை கையெழுத்து வைக்கிறாங்க.”

தூதுவரின் விரல் போனின் மேலே அப்படியே நின்றது.

“அதுவரைக்கும் நீங்க லீவிலயே இருங்க சேர்.”