ஒன்று குறைகிறது

தகராறில் முடிந்த தேர்தலுக்குப் பிறகு, யார்மீது வழக்கு என்பதைக் காவல்துறையின் கணினி இயந்திரமே முடிவு செய்தது. ஒருதலைப்பட்சம் என்று எவனும் வாய் திறக்கக் கூடாதாம். அதனால் இரு கட்சிக்கும் சம எண்ணிக்கை.

செண்பகவல்லி வாசலை மறித்தாள். வெளியே ஜீப் அணையாமல் உறுமிக்கொண்டிருந்தது.

"எம்புருசன் எந்தக் கட்சியிலயும் இல்லைங்க ஏட்டையா."

"தெரியும்மா. ஆளுங்கட்சியில நாப்பத்தொண்ணு, எதிர்க்கட்சியில நாப்பது. ஒண்ணு குறையுது. இவரு எதிர்க்கட்சிக் கரை வேட்டியோட ஒரு கல்யாண போட்டோவுல இருக்காரு."

"சாம்பார் கொட்டிருச்சுன்னு பந்தியில யாரோ குடுத்த வேட்டிங்க அது."

கணவனை ஏற்றிவிட்டார்கள். அதற்குள் ஏட்டின் கைபேசி ஒலித்தது. ஆளுங்கட்சியில் இன்னொருவன் சிக்கிவிட்டான்.

ஏட்டு திரும்பி வந்து, அவள் கட்டியிருந்த சேலையைப் பார்த்தார்.

"இது எலெக்சனுக்கு எதிர்க்கட்சி குடுத்ததுதானேம்மா?"