கிரீடம் வைத்த நட்டு

பழைய காரின் சக்கரத்தை அச்சோடு பூட்டியிருந்த நட்டுக்குத் தலையில் கிரீடம்போல் பல் வெட்டியிருந்தது. அந்தப் பல்லிடுக்கு வழியாக அச்சின் துளையில் செருகிக் கிடந்த காட்டர்பின் என்னும் மெல்லிய கம்பியை அது மதித்ததே இல்லை.

“ஏலே துரும்பே, சக்கரம் கழன்று ஓடாமல் காப்பவன் நான். உனக்கு இங்கே என்னடா வேலை?”

“சும்மா இருக்கிறேன், அண்ணாச்சி.”

பிரேக்கைப் பழுதுபார்க்க வந்த மெக்கானிக், முதலில் அந்தக் கம்பியை உருவி எறிந்தார். பிறகு இரண்டே விரலால் நட்டைத் திருகினார். அது சுழன்று கையோடு வந்துவிட்டது. பின்னாலேயே சக்கரத்தைத் தாங்கும் பிரேக் டிரம்மும் கழன்றது.

நட்டு மலைத்துப் போயிற்று. இத்தனை மலைப்பாதைகளிலும் தன்னை அசையவிடாமல் பிடித்திருந்தது அந்தத் துரும்பா!

வேலை முடிந்து நட்டை மறுபடி பூட்டியதும், புதிய காட்டர்பின் ஒன்று தயங்கியபடி வந்தது.

“ஓரமாக நின்றுகொள்ளட்டுமா, அண்ணாச்சி?”

“ஓரமா? நடுவிலே வாருங்கள், ஐயா!” என்று நட்டு கிரீடத்தைத் திருப்பி வழிவிட்டது.