ஹாரன் வயர்

மலைப்பாதையின் பாதியில் பைக் நின்றுபோனது. மாதையன் சீட்டைத் தூக்கிப் பார்த்தான். பேட்டரியிலிருந்து, இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் காயிலுக்குப் போகும் வயர் கருகிக் கிடந்தது. அவன் குனிந்தபோது, முதுகோடு சேலையால் கட்டியிருந்த மகள் செவ்வந்தியின் தலை தோளில் சரிந்தது. ஏழு வயது. பாம்பு கடித்து அரை மணி நேரம் ஆகிவிட்டது; ஆஸ்பத்திரி மலையடிவாரத்தில் இருந்தது.

"தூங்கிராதே சாமி. தூங்கவே கூடாது."

மாற்று வயர் இல்லை. ஹெட்லைட் வயரைப் போன மாசமே வேறொரு பழுதுக்கு உருவியிருந்தான். மிச்சமிருந்தது ஹாரன் வயர்தான். அதைப் பிய்த்து, இரு முனையையும் பல்லால் உரித்து முறுக்கினான். நாலாவது உதையில் வண்டி கிளம்பியது.

பனிமூட்டத்தில் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. இந்தப் பாதையில் வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தால்தான் எதிரே வருகிறவன் ஒதுங்குவான்.

"சாமி, இனி நீதான் ஹாரன். நல்லாக் கத்தோணும்."

"பீப்பீ" என்றாள். அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. அந்தக் குரலை நம்பி எட்டு வளைவுகளைக் கடந்துவிட்டான். அதைக் கேட்டு ஒரு லாரி ஓரங்கட்டி நின்றது. ஆனால் போகப் போகக் குரல் மெலிந்தது.

ஒன்பதாவது வளைவில், கீழேயிருந்து பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"ஹாரன் அடி சாமி."

முதுகில் சத்தமில்லை.

"அடி, ஏஞ்சாமி!"

பஸ் மறுபடியும் ஹாரன் அடித்தது, இன்னும் பக்கத்தில். மாதையன் திரும்பிப் பார்க்கவில்லை. தொண்டையைச் சுருக்கி, அவள் குரலிலேயே "பீப்பீ, பீப்பீ" என்று கத்திக்கொண்டு வளைவில் இறங்கினான்.