நெபிலின் குட்டிக் கிழங்கு

என் மனைவி ரெஜினா சொன்ன கதை இது. ஆறு வருஷமாக இதை நான் நம்பவும் இல்லை, மறக்கவும் முடியவில்லை.

எங்கள் மகள் பிறந்த வருஷம், அறுவடை விழாவுக்கு, முன்னோர்கள் குடியிருக்கும் ஆவி வீட்டு முற்றத்தில் பெருவள்ளிக் கிழங்குகளை வரிசையாக நிறுத்தியிருந்தோம். ஒவ்வொன்றுக்கும் முகமூடி, இறகு, மஞ்சள் பூச்சு. என்னுடையது என்னைவிட உயரம்.

நெபிலுடையது அவன் முழங்கை நீளம்கூட இல்லை. அதுவரை ஊரிலேயே பெரிய கிழங்கு எடுத்த கை அவனுடையது.

"என்ன மச்சான், பிடுங்கினியா, இல்ல அதுவே வெக்கப்பட்டு வெளிய வந்துடுச்சா?" என்றேன்.

கூட்டம் சிரித்தது.

எங்கள் கிழங்குக்குக் காது உண்டு, மூக்கு உண்டு. நட்டதிலிருந்து தோண்டும்வரை ஆறு மாதம் ஆண்கள் மனைவியைத் தொடுவதில்லை. தோட்டத்துப் பக்கம் பெண்கள் வருவதில்லை. பிரசவ ரத்தம் பட்டவன் உள்ளே போனால் கிழங்கு சுருங்கிவிடும்.

"ஆறு மாசமும் தனிப் பாய்லதான் படுத்தியா?" என்று கேட்டார் ஊர்ப் பெரியவர் லூக்காஸ்.

நெபில் குனிந்து தன் கிழங்கின் முகமூடியைச் சரிசெய்தான்.

"பொண்டாட்டி பாய் மெத்துன்னு இருந்திருக்கும்." இதையும் நான்தான் சொன்னேன்.

அவன் மனைவி அகதா எழுந்து, யாரையும் பார்க்காமல் நடந்து போனாள்.

"அவ மேல தப்பில்ல. என் கை சுத்தமா இல்ல, அவ்வளவுதான்" என்றான் நெபில்.

"எப்படிக் கெட்டுச்சு கை?" என்றார் லூக்காஸ்.

"அதை மட்டும் கேக்காதீங்க அண்ணே."

கிழங்கை வளரவைக்கும் முன்னோர்களின் கல்லை அவனிடமிருந்து வாங்கி என் கையில் கொடுத்தார்கள். கல்லைப் பறிகொடுத்தவன் மறுபடி பெருவள்ளி நடக் கூடாது. சாகும்வரை அவன் நடவில்லை.

அவனைப் புதைத்துவிட்டு வந்த அன்று ரெஜினா சொன்னாள்.

"நம்ம மக பொறந்த அன்னைக்கு நீ தோட்டமே கதின்னு கெடந்தே. எனக்கு வலி வந்துடுச்சு. மாப்ரிக் ஆஸ்பத்திரிக்குச் சுத்து வழியில நடக்க முடியல. தோட்டத்து ஓடை வழியா வந்தேன். பாதியிலயே உக்காந்துட்டேன். நெபில்தான் ஓடி வந்தான்."

"ஆம்பளையா? பிரசவத்துக்கா?"

"தலை வெளிய வந்துடுச்சு. ஆம்பளை பொம்பளை பாக்குற நேரமா அது? அவன் கையிலதான் விழுந்தா. கொடியையும் அவன்தான் அறுத்தான்."

"தனியாப் பெத்தேன்னு சொன்னியே."

"அவன்தான் அப்படிச் சொல்லச் சொன்னான். நான் அந்த வழியா வந்தது தெரிஞ்சா ஊர்க் கிழங்கையெல்லாம் கெடுத்தவள்னு என்னைச் சும்மா விட்டிருப்பாங்களா? அதுக்கப்புறம் தோண்டுற நாள் வரைக்கும் அவன் தன் தோட்டத்துல காலே வைக்கல. பக்கத்துத் தோட்டமும் கெட்டுடும்னு."

பக்கத்துத் தோட்டம் என்னுடையது.

ரத்தம் பட்டதால் அவன் கிழங்கு சுருங்கியதா, பராமரிக்க ஆள் போகாததால் சுருங்கியதா? குழந்தை பிறந்த இடத்திலிருந்து நாற்பது அடியில் இருந்த என் கிழங்கு எப்படி ஆளுயரம் வளர்ந்தது? கல்லை எடுத்துத் தடவுகிற ஒவ்வொரு முறையும் குழம்பிப் போகிறேன். கிழங்குக்கு எதுவும் தெரியாது என்று சொல்லவும் பயமாக இருக்கிறது. தெரியும் என்றால் அதைவிடப் பயமாக இருக்கிறது.

வலி மயக்கத்தில் ரெஜினா எதையோ கற்பனை செய்துகொண்டாள் என்று வைத்துக்கொண்டேன். அது வசதியாக இருந்தது.

போன வாரம் அடுப்படியில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அந்த ஓடைக் கதையை இன்னொரு தடவை சொல்லு."

"எத்தனை தடவை சொல்றது? நம்பலைன்னா விடு."

"நம்புறேன். எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும்."

அவள் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். அப்போதுதான் கேட்டேன்.

"நெபில் வர்றதுக்கு முன்னாடி ரெண்டு தடவை என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டியே, வேலிக்குள்ள இருந்த எனக்கு அது கேட்டுச்சுன்னு உனக்குத் தெரியுமா?"