தாடைப் பூட்டு

"கொட்டாவி விட்டா போதும் டாக்டர், தாடை அப்படியே மாட்டிக்குது. சில நாள் திறந்த வாய் மூடாது, சில நாள் மூடின வாய் திறக்காது."

டிரைவிங் மாஸ்டர் நாற்காலியின் நுனிக்கு வந்து சொன்னார். இருபத்திரண்டு வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்துப் பழகிய வாய். கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லும், கேட்காத கேள்விக்கும் சொல்லும். அவர் இருக்கும் இடத்தில் மற்றவர்கள் வாய்க்கு வேலை கிடையாது. அருகில் மனைவி, மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எத்தனை நாளாக என்று கேட்டார் மருத்துவர். மாஸ்டர் பத்து மாதத்துக்கு முன்னாலிருந்து ஆரம்பித்தார். காலையில் எழுந்ததும் காதுக்கு முன்னால் குத்துவலி. மென்றால் கியர் சரியாக விழாத வண்டி மாதிரி 'டொக், டொக்' என்று சத்தம். பல் தேய்க்க பிரஷ் நுழைவதில்லை. போன மாதம் குடும்பமாகப் போட்டோ எடுத்துக்கொண்டபோது போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னாராம். சிரித்த வாய் இருபது நிமிடத்துக்கு மூடவில்லை. படத்தைப் பார்த்தவர்கள் எல்லாம் அப்படி என்ன சந்தோஷம் என்று கேட்கிறார்களாம்.

மருத்துவர் இடையில் இரண்டு தடவை பேச வாயெடுத்தார். வழி கிடைக்கவில்லை.

ஒருவழியாகக் கையுறை மாட்டிக்கொண்டு, காதுக்கு முன்னால் விரல் வைத்து, திறந்து மூடச் சொல்லிப் பார்த்தார். ஒன்றரை விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை.

"எலும்புல கோளாறு இல்லை. பல்லை இறுக்கி இறுக்கிக் கடிச்சு தசை இறுகிப் போயிருக்கு. தூக்கத்துல மட்டும் இல்லை, பகல்லயும்."

மூன்று வேளை வெந்நீர்த் துண்டால் ஒத்தடம். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு மெதுவாகத் திறந்து மூடும் பயிற்சி. கடிக்கத் தேவையில்லாத சாப்பாடு. இரவில் பல்லுக்கு ஓர் உறை. எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு மருத்துவர் மாஸ்டரை நிமிர்ந்து பார்த்தார்.

"இது எல்லாத்தையும்விட முக்கியமான மருந்து ஒண்ணு இருக்கு. மூணு வாரத்துக்கு நீங்க பேசக்கூடாது."

"யாரு, நானா?"

"நீங்கதான்."

மாஸ்டர் ஒரு வாரமாகக் குறைக்க முடியுமா என்று பேரம் பேசிப் பார்த்தார். மருத்துவர் மசியவில்லை. ஆனால் தலையை ஆட்டிவிட்டால் மாஸ்டர் சொல் தவறாதவர். வீட்டில் மூடி வைத்த வாய் ரோட்டில் திறந்துகொண்டால் அப்புறம் எங்கேயும் மூடாது என்று, இரண்டு இடத்திலும் பேச்சை நிறுத்தினார்.

முதல் நாளே சோதனை வந்தது. வண்டி பழக வந்த நர்ஸம்மா ஒருவர் ரிவர்ஸ் எடுத்து நேராக விளக்குக் கம்பத்தை நோக்கிப் போனார். வழக்கமாக இந்த நேரத்தில் கம்பத்துக்கே காது வலிக்கும். மாஸ்டர் தன் பக்கத்து பிரேக்கை மிதித்துவிட்டு, விரலால் கண்ணாடியைக் காட்டினார். அவ்வளவுதான். நான்கு முறை டெஸ்ட்டில் தோற்ற அந்த அம்மா இரண்டாவது வாரம் பாஸாகிவிட்டார். யாரும் சத்தம் போடாததால்தான் ரோடு கண்ணுக்குத் தெரிந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். மாஸ்டருக்கு அது சந்தோஷமா வருத்தமா என்று விளங்கவில்லை.

வீட்டில்தான் பெரும்பாடு. வெங்காயம் எப்படி நறுக்க வேண்டும் என்று அவரால் சொல்ல முடியவில்லை. செய்தி வாசிப்பவரைத் திருத்த முடியவில்லை. நல்ல சந்தர்ப்பம் என்று மைத்துனர் வந்து உட்கார்ந்து, "கியர் வண்டியெல்லாம் ஒரு வண்டியா மாப்பிள்ளை, ஆட்டோமேட்டிக்தான் வண்டி" என்று மூன்று முறை சொன்னார். மாஸ்டர் எழுந்து போய், காலையில் ஊற்றிய செடிகளுக்கே மறுபடி தண்ணீர் ஊற்றினார்.

ஒரு நாள் மகள் போன் செய்தாள். எப்போதும் போனைப் பிடுங்கிக்கொள்பவர் இந்தத் தடவை மனைவியிடம் நீட்டிவிட்டு நகர்ந்தார். நாற்பது நிமிடம் உள்ளறையிலிருந்து பேச்சும் சிரிப்புமாகக் கேட்டது. மனைவிக்குப் பேச இவ்வளவு இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. வாசற்படியில் உட்கார்ந்து, முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் முடிந்தது. மறுபடியும் அதே அறை, அதே இரண்டு நாற்காலிகள். பேசாமல் இருந்தீர்களா என்று மருத்துவர் கேட்டதற்கு மாஸ்டர் தலையசைத்தார். மருத்துவர் கையுறையை மாட்டிக்கொண்டார்.

"எங்கே, வாயைத் திறங்க பார்ப்போம்."

முழுதாக மூன்று விரல் அகலம் திறந்தது. வலியில்லை, சத்தமும் இல்லை. மருத்துவருக்கே ஆச்சரியம்.

மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். இருபத்தொரு நாளுக்குப் பிறகு முதல் வார்த்தை.

"இனிமே நான் பேசலாமா டாக்டர்?"

"என்னைக் கேட்டா? நோயாளியைக் கேளுங்க."

மாஸ்டர் பக்கத்து நாற்காலியின் பக்கம் திரும்பினார். திறந்து காட்டிய வாயைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே மனைவி சொன்னாள்: "இவர் பேச ஆரம்பிச்சாத்தான் டாக்டர் நான் பல்லைக் கடிக்கிறது... இன்னும் ஒரு மாசம் போகட்டுமே."